ஹேண்டில் என் கையில் இருந்தது

போன மாதம் ஒரு போன் வந்தது. சென்னையில் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறார்களாம். கம்பெனி வளரும்போது மேலே இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுடைய அதிகாரிகளுக்கு நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். என்னைப் பற்றி யாரோ ஏற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு சைக்கிளோடு தொடங்கிய பம்ப்செட் கம்பெனியை நாற்பது பேர் வேலை பார்க்கிற இடமாக ஆக்கியவர் நீங்கள்தானே என்றார் போனில் பேசியவர். ஆமாம், நான்தான். ஆனால் அதற்குள் நான் எதைத் தொலைத்தேன் என்பது அவருக்குத் தெரியாது. முட்டி வலி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். முட்டி வலியும் உண்மைதான்.

அந்த அதிகாரிகளுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அதை மேடையில் நின்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அது. திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துக்காரர் ஒருவர், வெளிநாட்டுக் கடையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர், புதுக்கோட்டை டவுனில் ஆயில் என்ஜின் ஏஜென்ஸி எடுத்தார். அவர்தான் முதலாளி. வேலைக்கு எடுத்தது இரண்டு பேரை. ஒருவன் நான். இன்னொருவன் என் வயதுக்காரன், ஒரு பஸ் ஷெட்டில் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தவன். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் என்பதால் என்ஜினோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொல்வேன். அவன் படிக்காமலே செய்வான். என்ஜின் ஓடும்போது பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உள்ள ஒரு பயலுக்கு மூச்சு முட்டுது" என்பான். கழற்றிப் பார்த்தால் அவன் சொன்ன இடத்தில்தான் அடைப்பு இருக்கும்.

அப்போது கிணறுகளில் எல்லாம் மாடு கட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். என்ஜின் என்றால் சந்தேகம். ஊற்றையே உறிஞ்சிவிடும் என்றும், தண்ணீரில் எண்ணெய் நாற்றம் அடிக்கும் என்றும், அந்தச் சத்தத்தில் பசு கன்று போடாது என்றும் சொன்னார்கள். ஒரு சைக்கிளில் நான் மிதிக்க, அவன் பின்னால் ஸ்பேனர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, ஊர் ஊராகப் போய் இந்தச் சந்தேகங்களுக்கெல்லாம் பதில் சொன்னோம். மேடு வந்தால் மாற்றிக்கொள்வோம். சாப்பாடு ஒரே தூக்குச் சட்டியில். அவன் என்னை மாப்ளே என்பான், நானும் அவனை மாப்ளே என்பேன். யார் யாருக்கு மாப்பிள்ளை என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது.

நாங்கள் முதலில் வைத்த என்ஜின் வல்லத்திராக்கோட்டையில். அன்றைக்குத்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது. என்ஜினுக்குச் சந்தனப்பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். தண்ணீர் குழாயில் வந்து வாய்க்காலில் விழுந்ததும், கிணற்றுக்காரர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், புதுத் துண்டு வைத்துக்கொண்டு வந்தார். யார் என்ஜினை ஓட்டினார்களோ அவர்கள் தோளில் துண்டைப் போட்டார். கோயிலில் யாருக்கு முதலில் விபூதி என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருக்கிற ஊர்கள் எங்கள் பக்கத்து ஊர்கள். அங்கே ஒரு துண்டு வெறும் துண்டு இல்லை. ஒன்றைப் பார்த்து அடுத்த ஊரும் செய்தது. பிறகு துண்டு போடாமல் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் வந்ததில்லை.

அந்த என்ஜினைக் கிளப்பி ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்ற வேண்டும். இன்னொருவர் மேலே உள்ள லீவரைத் தூக்கிப் பிடித்திருந்து, சக்கரம் வேகம் எடுத்ததும் சரியான நேரத்தில் அதைக் கீழே விட வேண்டும். கொஞ்சம் முந்தினால் ஹேண்டில் திருப்பி அடித்துக் கையை ஒடித்துவிடும். பிந்தினால் சுற்றுகிறவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். வித்தை எல்லாம் லீவரில்தான். அதனால் முதல் நாளே அவன் சொன்னான், "நீ சுத்து மாப்ளே, லீவர நா பாத்துக்கிறேன்." ஆனால் பார்க்கிற சனத்துக்கு வித்தை எங்கே தெரியும்? வேர்த்து விறுவிறுத்து ஹேண்டிலைச் சுற்றுகிறவன்தான் ஓட்டுகிறவன். துண்டு என் தோளுக்கு வந்தது. திரும்பும்போது அவன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கஞ்சி வாசம் நல்லா இருக்கு" என்றான். அன்றைக்கு அது யாருடைய துண்டு என்று எங்களுக்குள் ஒரு கேள்வியே இல்லை.

ஐந்தாறு வருஷத்தில் கம்பெனி வளர்ந்தது. கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கம் செம்மண் தோட்டங்களில் கிணற்றுக்குக் கிணறு என்ஜின் கேட்டார்கள். முதலில் இரண்டு செட் ஆட்கள், பிறகு ஐந்து செட் ஆனார்கள். ஒரு செட் என்றால் நான்கு பேர். கிணற்றடியிலேயே இரண்டு மூன்று நாள் தங்கி, மேடை கட்டி, குழாய் இறக்கி, என்ஜினைப் பூட்டுவார்கள். அவன் பெரிய ஃபிட்டர் ஆனான். என்னை முதலாளி மேனேஜர் ஆக்கினார். ஒர்க்ஷாப்பின் ஒரு மூலையைத் தடுத்து, பாதிக்குமேல் கண்ணாடி வைத்து, எனக்கு ஒரு அறை. மேஜை, சுழல் நாற்காலி, ஒரு பழைய ஜீப். தலைகால் புரியவில்லை எனக்கு.

மேனேஜர் ஆனதும் நான் போட்ட முதல் சட்டம் இது. செட் ஆட்கள் எல்லா வேலையையும் முடித்துவிட்டு என்ஜினை ஓட்டாமல் வைத்திருக்க வேண்டும். நான் வந்து பார்த்து, நானே ஓட்டுவேன். ஒரு என்ஜின்கூட என் கை படாமல் ஓடக் கூடாது. கம்பெனி பெயர் முக்கியம், வேலை சுத்தம் முக்கியம் என்றேன். முதலாளி மெச்சினார். நானும் என்னை மெச்சிக்கொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டேன்.

இரண்டு செட்டாக இருந்தபோது இது நடந்தது. ஐந்து செட் ஆனபோது நடக்கவில்லை. ஒரு நாளில் ஜீப் எத்தனை கிணற்றுக்குப் போகும்? மழை இல்லாத ஒரு வைகாசியில் எல்லாம் பூட்டி முடித்த என்ஜின்கள் எனக்காக மூன்று நாள், நான்கு நாள் காத்துக் கிடந்தன. பக்கத்தில் கடலைக்கொடி வாடிக்கொண்டிருக்கும். கிணற்றுக்காரர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார். எங்கள் ஆட்கள் வேலை இல்லாமல் தென்னையடியில் படுத்திருப்பார்கள். நான் போய் இறங்கியதும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் ஹேண்டிலைச் சுற்றுவேன், துண்டை வாங்குவேன், ஜீப்பில் ஏறுவேன்.

அவன் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். நான் மேஜையில் உட்கார்ந்திருந்தேன், அவன் நின்றுகொண்டிருந்தான். உட்காரு என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே உட்காருகிறவன்தானே என்று நினைத்திருப்பேன்.

"மாப்ளே, அந்தந்த செட்டே ஓட்டிட்டுப் போகட்டுமே. நீ எத்தன எடத்துக்குத்தான் ஓடுவே?"

"ஒண்ணு ஓடலைன்னா? கம்பெனி பேரு என்ன ஆகிறது?"

"ஓடாட்டி அவனே கழட்டிப் பாப்பான். நாம அப்பிடித்தான கத்துக்கிட்டோம்."

"அது வேற காலம்" என்றேன். அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனான். அதற்குப் பிறகு மற்றவர்கள் முன்னால் என்னைச் சார் என்று கூப்பிட ஆரம்பித்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மேனேஜரை எல்லோர் முன்னாலும் மாப்ளே என்றால் நன்றாக இருக்காது என்று எனக்கும் தோன்றியிருந்தது.

அந்த அறையில் நான் தனியாக இருந்தேன். இதை இப்போது சொல்லிவிடலாம், அப்போது எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரிப்பார்கள். நான் கதவைத் திறந்து வெளியே வந்தால் சிரிப்பு நின்றுவிடும். ஆளாளுக்கு ஒரு நட்டைத் தேடுவார்கள். மத்தியானம் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், எனக்கு வீட்டிலிருந்து கேரியர் வரும். எதற்காகச் சிரித்தார்கள் என்று தெரிந்துகொள்ள, ஏதோ சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி போய் நின்றுகூடப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் மனைவி இருந்தாள். அவளிடம் கிணற்றுக்குள் குழாய் நுனியில் இருக்கிற புட்வால்வைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? இருந்தது ஒரே ஆள். எல்லோரும் போன பிறகு அறைக்குள் வந்து, மேஜை ஓரத்தில் சாய்ந்துகொண்டு, "இன்னிக்கு அந்த எஞ்சினு என்ன பாடு படுத்துச்சு தெரியுமா" என்று தொடங்குவான். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் நான் நாள் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தேன். அப்போது மட்டும் மாப்ளே என்பான்.

அப்படி ஒரு சாயங்காலம் வந்து, மாமனார் கிணற்றுக்கு என்ஜின் வைக்கிறார்கள் என்றான். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தோட்டம். நல்ல விவசாயக் குடும்பம். நிலம் இல்லாத, கையில் கிரீஸ் பூசிய ஆளுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று அவர்களுக்கு ஒரு குறை உண்டு. அங்கே போனால் தன்னை எந்தப் பக்கம் உட்கார வைக்கிறார்கள் என்று அவன் எனக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அந்த மாமனாரே இப்போது மருமகனிடம் என்ஜின் கேட்டிருக்கிறார். அவன் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் பார்த்ததில்லை.

"நானே போயி பூட்டுறேன். வெள்ளிக்கெழம முடிஞ்சுரும். நீ வந்துரு மாப்ளே. இருந்து சாப்டுட்டு வரலாம்."

"வந்துர்றேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது ஊரே கிணற்றடியில் நின்றது. கோலம் போட்டிருந்தார்கள். மேளக்காரர்கூட ஒருவர் இருந்தார். அவன் என்ஜின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. வெள்ளை வேட்டியோடு என்ஜின் பக்கத்தில் எந்த ஃபிட்டரும் நிற்க மாட்டான். என்னடா இது என்று ஒரு கணம் நினைத்தேன், அவ்வளவுதான். ஹேண்டில் அவன் கையில் இருந்தது.

நான் ஜீப்பிலிருந்து இறங்கி நேராக என்ஜினுக்குப் போனேன். எண்ணெய் பார்த்தேன். பெல்ட்டைத் தட்டிப் பார்த்தேன். பம்ப்பில் தண்ணீர் நிரப்பியாயிற்றா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே அவன் பக்கம் கையை நீட்டினேன். எல்லாக் கிணற்றிலும் நீட்டுகிற மாதிரி.

அவன் உடனே கொடுக்கவில்லை. என் கையைப் பார்த்தான். பிறகு கொடுத்தான். கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய் லீவரைத் தூக்கிப் பிடித்தான்.

என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அவன் லீவரை விட்ட நேரம் அப்படி. தண்ணீர் கொப்பளித்து வந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். மாமனார் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் நின்றார். என்னைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து என் தோளில் போட்டார். நான் கைகூப்பி வாங்கிக்கொண்டேன். தப்பு என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. எல்லாம் பழக்கம்.

"மாப்பிள்ள, அங்கிட்டு சாருக்கு எலை போடச் சொல்லுங்க" என்றார் மாமனார்.

அவனே இலை போட்டான். அவனே பரிமாறினான். வேட்டி ஓரத்தில் லீவரின் எண்ணெய் பட்டிருந்தது. நீயும் உட்காரேன் என்று நான் சொன்னேனா? சொல்லியிருக்கலாம், ஞாபகம் இல்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் நல்ல தூக்கம் வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

திங்கட்கிழமை அவன் அறைக்குள் வந்தான். பகலில் வந்தான், எல்லோரும் பார்க்க. ஒர்க்ஷாப் சாவியை மேஜைமேல் வைத்தான்.

"கீரமங்கலத்துல சின்னதா ஒரு ஒர்க்ஷாப்பு போடலாம்னு இருக்கேன். ரிப்பேர் மட்டும். மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. கம்பெனி இவ்வளவு வளர்ந்திருக்கிற நேரத்தில் போகிறாயே என்று கத்தினேன். சம்பளமா என்றேன், வேறு யாராவது கூப்பிட்டார்களா என்றேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். முதலாளியும் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. போகும்போது ஒவ்வொரு ஃபிட்டரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டான். என்னிடம் கடைசியாக வந்து, "வாரேன்" என்றான்.

ஒரு வாரம் நான் பொருமிக்கொண்டே திரிந்தேன். நன்றி இல்லாதவன் என்று நினைத்தேன், யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு பொறுக்க முடியாமல், அவன் செட்டில் இருந்த ஒரு ஃபிட்டரை அறைக்குக் கூப்பிட்டு, உனக்காவது காரணம் தெரியுமா என்று கேட்டேன். அந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னிக்கி அவரு வேட்டி கட்டிக்கிட்டு நின்னாருல்ல சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் போன பிறகு நான் அந்த வெள்ளிக்கிழமையை மறுபடி முழுவதும் பார்த்தேன். ஒவ்வொன்றாக வந்தது. வேட்டி, விபூதி, என் நீட்டிய கை, அதை அவன் பார்த்தது, தாம்பாளத்தோடு மாமனார் நின்றது, பரிமாறிய கை. அவன் வாழ்க்கையில் அந்த வீட்டார் முன்னால் ஆளாக நிற்க ஒரு நாள் கிடைத்தது. அந்த நாளை நான் போய் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கீரமங்கலம் போனேன். ஜீப்பை எடுக்க மனசு வரவில்லை. கடைவீதி முடிகிற இடத்தில் கீற்றுக் கொட்டகை. உள்ளே அவன் ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, இருந்த ஒரே ஸ்டூலை நகர்த்திப் போட்டான். நான் உட்காரவில்லை.

"தப்பு பண்ணிட்டேன் மாப்ளே. எனக்குத் தெரியல. திரும்பி வந்துரு. இனிமே எந்த எஞ்சினையும் நா தொட மாட்டேன்."

"அத விடு" என்றான். "அன்னிக்கி மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. இல்லேங்கல. ஆனா அதுக்காக மட்டும் வரல."

"பின்னே?"

அவன் கையில் இருந்த வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத்தன வருசத்துல ஒரு தடவயாச்சும் நா ஓட்டி நீ பாத்திருக்கியா? ஒன்னயச் சொல்லல. நானும் கேக்கல. அன்னிக்கி வீட்டுக்குப் போயி படுத்தேன். எனக்கே சந்தேகமாப் போச்சு மாப்ளே, நமக்கு ஓட்டத் தெரியுமா தெரியாதான்னு. இங்க வந்து, லீவருக்கு ஒரு கையி, ஹேண்டிலுக்கு ஒரு கையின்னு தனியா ஒரு எஞ்சின ஓட்டிப் பாத்தப்பறம்தான் தெரிஞ்சுது. ஓடுது. இனிமே திரும்பி வர முடியாது."

அவனைவிட என்ஜின் தெரிந்தவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று எனக்குத் தெரியும். அதை ஒரு நாளும் அவனிடம் நான் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தால் அவனுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தான். பஸ் வரும்வரை கூடவே நின்றான். மழையைப் பற்றிப் பேசினோம்.

மறுநாள் எல்லா ஃபிட்டர்களையும் கூப்பிட்டு, பூட்டுகிற செட்டே இனி என்ஜினை ஓட்டலாம், துண்டும் அவர்களுக்குத்தான் என்றேன். நம்பாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் வேலை அன்னவாசலில். காலையில் அவர்கள் கிளம்பிப் போனார்கள். நான் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு ஓட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. எனக்கு அங்கே வேலை இல்லை. ஜீப் சாவியை இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறை வைத்தேன். சாயங்காலம் அவர்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். ஒருவர் மட்டும் அறைக்குள் தலையை நீட்டி, "ஓடிருச்சு சார். மொத தடவ புடிக்கல, புட்வால்வுல தூசி. நாங்களே கழட்டிச் சரி பண்ணிட்டோம்" என்றார். நல்லது என்றேன். கதவைச் சாத்தினார், அந்தப் பக்கம் சிரிப்பு மறுபடி தொடங்கியது.

கம்பெனி அதற்குப் பிறகுதான் நிஜமாகவே வளர்ந்தது. ஐந்து செட் பத்து ஆனது. முதலாளி என் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார். நான் செய்ததெல்லாம் கையை நீட்டாமல் இருந்ததுதான். ஒருவனை இழந்துதான் அதைக் கற்றுக்கொண்டேன். இதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் எனக்கு ஒருவன்தான் இருந்தான். அன்னவாசல் என்ஜின் ஓடிய அன்று சாயங்காலமே அறையில் உட்கார்ந்து அவனுக்கு ஒரு கார்டு எழுதினேன். மாப்ளே, இன்றைக்கு அன்னவாசலில் அவர்களே ஓட்டிவிட்டார்கள், நான் போகவில்லை, நீ சொன்னது சரி, ஒரு நாள் வா, பேச வேண்டும் என்று எழுதிப் போட்டேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. அவன் ஒர்க்ஷாப்பின் பெயர் அச்சடித்த புதுத்தாளில், யாரோ நல்ல கையெழுத்துக்காரரிடம் சொல்லி எழுதி வாங்கியிருந்தான். மேனேஜர் அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது, சந்தோஷம், மூன்று அங்குல புட்வால்வு இரண்டு உடனே பஸ்ஸில் அனுப்பிவைக்கவும் என்று இருந்தது. கீழே அவனுடைய கையெழுத்து மட்டும் அவனே போட்டது. திருப்பிப் பார்த்தேன், பின்னால் ஒன்றும் இல்லை. ஸ்டோருக்குப் போய் இரண்டு புட்வால்வையும் எடுத்து, சாக்கில் சுற்றி, சணல் போட்டு நானே கட்டினேன். ஆட்களில் ஒருவர் கட்டித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.